சமாதானம் கைக்கு வந்த கதை

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் ஆகியிருந்தது. சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமையில் நடந்த ஆராதனையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன் சபையின் நான்கு தென்னிந்தியப் பேராயங்கள், மெதடிஸ்ட் சபையின் தென்னிந்திய மாகாணம், பிரஸ்பிட்டேரியன் மற்றும் காங்கிரிகேஷனல் மரபினர் 1908-லேயே இணைந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் அன்று ஒரே சபையாயின. ஏறத்தாழ பத்து லட்சம் விசுவாசிகள். யாழ்ப்பாணத்தையும் சேர்த்துப் பதினான்கு பேராயங்கள். பேராயர்களை அடித்தளமாகக் கொண்ட ஒரு சபையும் பேராயர் பதவியே வேண்டாம் என்றிருந்த சபைகளும் இப்படி ஒன்றுசேர்ந்தது, சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு உலகில் அதுதான் முதல் முறை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலிச் சீமையின் ஆங்கிலிக்கன் கோயில்களில் சபையார் வழக்கம்போல ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்து முழங்காற்படியிட்டார்கள். அமெரிக்க மிஷன் வளர்த்த மதுரைப் பகுதியிலும், லண்டன் மிஷன் வளர்த்த நாகர்கோவில் பகுதியிலும் போதகர் தம் உள்ளத்திலிருந்து எழுந்த ஜெபத்தை ஏறெடுத்தார். யாருடைய ஆராதனை முறையையும் இன்னொருவர்மீது திணிக்கக் கூடாது என்று புதிய திருச்சபையின் அரசியலமைப்பே உறுதி தந்திருந்தது. அது நல்ல முடிவு. ஆனால் அதன் விளைவாக, சனிக்கிழமை ஒன்றானவர்கள் ஞாயிற்றுக்கிழமை அவரவர் பழைய வழியிலேயே கும்பிட்டார்கள். பேராலயத்தில் கையெழுத்தான ஒற்றுமை ஊர்க்கோயிலின் பெஞ்சுக்கு வந்துசேர இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. வந்தபோது அது கைகளின் வழியாக வந்தது.

இன்று தென்னிந்தியத் திருச்சபையின் நற்கருணை ஆராதனையில் காணிக்கைக்குச் சற்று முன்பு ஒரு செயல் நடக்கிறது. ஆராதனை நடத்தும் ஆயர் தம்மோடு பணிசெய்கிறவர்களுக்குச் சமாதானம் கொடுக்கிறார். அவர்கள் இறங்கி வந்து ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் நிற்பவருக்குக் கொடுக்கிறார்கள். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு என்று அது கோயில் முழுக்கப் போகிறது. கொடுக்கிறவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். தேவனுடைய சமாதானத்தைத் தாழ்ந்த குரலில் வாழ்த்தாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அரை நிமிடம்கூட ஆகாத இந்தச் செயல் இங்கு வந்துசேர்ந்த வழி மிக நீளமானது.

1919 மே முதல் தேதியும் இரண்டாம் தேதியும் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று பேர் கூடினார்கள். மிஷனெரி சீகன்பால்க் 1706-ல் வந்திறங்கிய அதே கடற்கரை ஊர். வந்தவர்களில் இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். மேலைநாட்டில் எப்போதோ நடந்த சண்டைகளின் பெயரால் நாம் ஏன் இங்கே பிரிந்து கிடக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. கூட்டத்தின் உயிராக இருந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1912-ல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக தோர்ணக்கல் சென்றவர்.

1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஓர் உரை நிகழ்த்தினார். மிஷனெரிகளின் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றும் நன்றியோடு நினைக்கும் என்றார். உங்கள் பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்ற கருத்தில் அந்த உரையை முடித்தார். மண்டபத்திலிருந்த பலருக்கு அது சுட்டது. ஒரே விசுவாசத்தில் இருந்தும் சமமாகப் பழகாத உறவின் வலியை அவர் அறிந்திருந்தார். தரங்கம்பாடிக்கு அவரைக் கொண்டுவந்ததும் அந்த வலிதான் என்று நான் நம்புகிறேன்.

பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர் நற்கருணை நடத்தலாமா என்ற ஒரு கேள்வியே பல ஆண்டுகளை விழுங்கியது. ஒருவரை ஒருவர் குறையுள்ளவராகக் கருதிய மரபுகள், யாரையும் மறுபடி அபிஷேகம் செய்யாமல், அவரவர் ஊழியத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது என்ற முடிவுக்கு வந்தன. தன் தரப்பு நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதை எதிராளிமீது சுமத்தாமல் இருப்பதற்கு மன்னிப்பு என்றுதான் பெயர். அசரியா இணைப்பைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு நாளில் அவர் காலமானார்.

இணைப்புக்குப் பின் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. எல்லா மரபினரும் சேர்ந்து கூடும் சினட் போன்ற கூட்டங்களில் எந்த முறைப்படி திருவிருந்து நடத்துவது? 1948-ல் இதற்கென ஆராதனை முறைமைக் குழு ஒன்று அமைந்தது. அதன் அமைப்பாளர் லெஸ்லி பிரவுன். இங்கிலாந்திலிருந்து வந்து திருவாங்கூரில் இறையியல் கல்விப் பணி செய்தவர். பின்னாளில் உகாண்டாவின் பேராயரானவர். தோமா கிறிஸ்தவர்களைப் பற்றி 1956-ல் விரிவான வரலாற்று நூல் ஒன்றையும் எழுதினார். கேரளத்தில் தம்மைச் சுற்றியிருந்த அவர்களுடைய சிரியன் சபைகளின் ஆராதனையை அவர் கூர்ந்து பார்த்திருந்தார்.

அங்கே சமாதானம் கையிலிருந்து கைக்குப் போனது. பீடத்திலிருந்து குருவானவர் கொடுப்பதைத் துணைநிற்பவர்கள் பெற்று மக்களிடம் கொண்டுவருவார்கள். கூப்பிய கைகளை நீட்டி ஒருவரிடமிருந்து பெற்று அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இது கிறிஸ்தவ ஆராதனையின் மிகப் பழைய கூறுகளில் ஒன்று. பவுல் தம் நிருபங்களில் பரிசுத்த முத்தத்தால் ஒருவரையொருவர் வாழ்த்தச் சொல்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின், ஜெபம் முடிந்ததும் விசுவாசிகள் முத்தமிட்டு வாழ்த்திக்கொள்வதையும், அதன்பின் அப்பமும் பாத்திரமும் கொண்டுவரப்படுவதையும் எழுதிவைத்திருக்கிறார்.

மேற்கில் இந்த வழக்கம் மெல்லத் தேய்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டுக்குள் ரோமில் அது காணிக்கைக்கு முன்னிருந்து நற்கருணை ஜெபத்துக்குப் பின்னால் நகர்ந்துவிட்டது. இடைக்காலத்தில் ஒருவரையொருவர் முத்தமிடுவதற்குப் பதிலாக ஒரு சிறு பலகையைச் சுற்றுக்கு விட்டு, அதை ஒவ்வொருவராக முத்தமிட்டார்கள். இங்கிலாந்தின் 1549 ஜெபப் புத்தகத்தில் வார்த்தை மட்டும் மிஞ்சியது. 1552 பதிப்பில் அந்த இடத்திலிருந்து வார்த்தையும் போனது. தென்னிந்தியாவுக்கு வந்த மிஷனெரிகளின் மூட்டையில் இந்தச் செயல் இல்லாமற்போனதன் காரணம் இதுதான். மேற்கு தொலைத்ததைக் கேரளத்தின் சிரியன் மரபு பல நூற்றாண்டுகளாகக் காத்துவந்தது.

1950-ல் தென்னிந்தியத் திருச்சபையின் புதிய நற்கருணை முறைமை வெளிவந்தது. ஒவ்வொரு மரபின் கொடையும் அதில் இருந்தது. திருமறையை முன்னே ஏந்தி வருவது ஸ்காட்லாந்து சபையின் வழக்கம். ஆயர் மேசைக்குப் பின்னால் மக்களைப் பார்த்து நிற்பது ஆதித் திருச்சபையின் வழக்கம். கைமாற்றும் சமாதானம் சிரியன் மரபிலிருந்து வந்தது. இதில் என்னை நெகிழவைக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிரியன் சபைகள் இந்த இணைப்பில் சேரவில்லை. ஒன்றானவர்களுக்கு ஒற்றுமையின் அடையாளம் வெளியே நின்றவர்களிடமிருந்து கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கியதில் சிறுமை இருப்பதாகக் குழுவினர் நினைக்கவில்லை.

அவர்கள் அதை வைத்த இடம் அதைவிட முக்கியமானது. காணிக்கைக்கு முன்னால், ஜஸ்டின் சொன்ன அதே பழைய இடத்தில் வைத்தார்கள். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஒழுங்கு அதற்குப் பின்னால் நிற்கிறது. பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும். ஆராதனையின் தொடக்கத்தில் கடவுளிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்பின் நற்செய்தியைக் கேட்டாயிற்று. அது மேலிருந்து வருவது. அது பக்கத்தில் நிற்பவரிடமும் போய்ச்சேர்ந்த பிறகே காணிக்கை. இந்த வரிசையை மாற்றினால் பொருளே மாறிவிடும்.

தமிழ் மண்ணில் கை தொடுவது சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், கோயிலுக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தார். தனி இருக்கையும் நற்கருணையில் முன்பின் வரிசையும் ஒழியவேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையைவிட்டே விலகிப்போனார்கள். அந்த நூற்றாண்டு மிச்சம்வைத்த பழக்கங்கள் 1950-லும் ஊர்தோறும் உயிரோடு இருந்தன. சமாதானத்தைக் காத்துக் கொடுத்த கேரளத்திலும் சிரியன் மரபினரும் தலித் கிறிஸ்தவர்களும் நெடுங்காலம் தனித்தனியேதான் வழிபட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான் புதிய முறைமை, பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் அவர் உள்ளங்கையை உன் இரு கைகளுக்குள் வாங்கு என்று சொன்னது. சாதியை அது ஒழித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒதுங்கி நிற்பவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்தது. பிரசங்கத்தைக் கேட்டும் கேளாமல் உட்கார்ந்திருக்கலாம். நீட்டிய கையை வாங்காமல் இருப்பதைப் பக்கத்திலிருப்பவர் பார்த்துவிடுவார்.

இந்தச் செயலின் ஆழமும் அங்கேதான் இருக்கிறது. சமாதானத்தை யாரும் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் கொடுக்க வேண்டும், இன்னொருவர் பெற வேண்டும், பெற்றவர் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் நிறுத்திவிட்டால் அவருக்கு அப்பால் இருக்கும் வரிசை முழுவதும் வெறுங்கையோடு நிற்கும். பேராயருக்கும் பண்ணையில் வேலைசெய்பவருக்கும் ஒரே செயல்தான்; ஆங்கிலிக்கன் பின்னணியா, காங்கிரிகேஷனல் பின்னணியா என்று உள்ளங்கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லா மரபினரும் பழைய மனத்தாங்கல் இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று, எந்த மிஷனும் கற்றுத்தராத ஒன்று, அப்படித்தான் எல்லோருக்கும் பொதுவானது.

இந்த முறைமை உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆராதனை வரலாற்றை ஆராய்ந்தவர்கள், இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபைகள் பலவற்றில் சபையார் சமாதானம் பரிமாறும் வழக்கம் மீண்டும் வந்ததற்குத் தென்னிந்தியாவை முன்னோடியாகக் குறிப்பிடுகிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1980 வழிபாட்டுப் புத்தகத்தில் அது காணிக்கைக்கு முன்னாலேயே இடம்பெற்றது. கத்தோலிக்கத் திருச்சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் புதுப்பித்த திருப்பலியில் சமாதானத்தை மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. 1969-ல் இந்தியத் திருப்பலிக்கென ரோம் ஒப்புதல் அளித்த பன்னிரண்டு மாற்றங்களில், கைகூப்பியோ, கொடுப்பவரின் கைகளைப் பெறுபவரின் கைகளுக்குள் வைத்தோ சமாதானம் பரிமாறலாம் என்பதும் ஒன்று. சபைகள் இன்னும் ஒன்றாகவில்லை. கைகள் ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

இந்தச் செயலுக்குப் புது வாழ்வு தந்த நம் சபைகளில் இன்று அதன் நிலை என்ன? பல இடங்களில் அது நாலாபுறமும் திரும்பிப் போடும் அவசரமான ஒரு கும்பிடாகிவிட்டது. குடும்பத்தாருக்கும் சிநேகிதருக்கும் சமாதானம் சொல்லிவிட்டு, பேச்சுவார்த்தை இல்லாதவர் இருக்கும் திசையைத் தவிர்த்துவிடுகிறோம். திருமண்டலத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டவர்கள், ஒரே கோயிலில், ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் பேசி ஒன்றான திருச்சபையின் பிள்ளைகள் நாம். நீதிமன்ற வாசலில் நிற்பதைவிட நீண்ட, கடினமான வழி ஒன்று உண்டு என்று அந்த முன்னோர்கள் நடந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே ஒன்றை உரிமையோடு கேட்கிறேன். அடுத்த ஞாயிறு திருவிருந்து என்று அறிவிப்பு வாசிக்கப்படும்போது, யாரிடம் கை நீட்டக் கூசுகிறதோ அவர் பெயரை மனதில் எழுதிக்கொள்வோம். அந்த வாரத்துக்குள் அவர் வீட்டுக்குப் போவோம். தவறு யாருடையது என்ற கணக்கு ஒரே நாளில் தீராமல் போகலாம். 1919-ல் தரங்கம்பாடியில் கூடியவர்களுக்கும் தீரவில்லை. பேசத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். கோயிலில் நாம் பரிமாறும் சமாதானம் உண்மையாவது அந்தப் பேச்சில்தான். ஒற்றுமையை நம் முன்னோர்கள் நமக்குச் சட்டமாக எழுதித் தந்ததோடு நிற்கவில்லை. அதைக் கையிலும் கொடுத்துப் போயிருக்கிறார்கள். கொடுக்கப்பட்டதை அடுத்தவருக்குக் கொடுக்கிற கடமை நம்முடையது.