தமிழ்நாட்டில் வட்டுப் படிமமும் இயங்குதள மாற்றமும்

ஒரு குறுந்தகட்டின் உள்ளடக்கம் முழுவதையும் அதன் அமைப்பு மாறாமல் ஒரே கோப்பாகச் சேமித்தால் அது வட்டுப் படிமம் எனப்படும். 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 9660 என்ற குறுந்தகட்டுக் கோப்பமைப்புத் தரத்தின் பெயரால் இதனை ‘ஐஎஸ்ஓ கோப்பு’ என்றும் அழைப்பர். கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்க இக்கோப்பைப் பதிவிறக்கிப் பயன்படுத்தும் வழக்கம், தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருளின் பரவலோடும் அரசின் கணினிக் கொள்கையோடும் சேர்ந்தே வளர்ந்தது.

தொடக்க காலம்

1990களில் லினக்சு இயங்குதளம் பெரும்பாலும் குறுந்தகடு வழியாகவே இந்தியப் பயனர்களை வந்தடைந்தது. ‘பிசி குவெஸ்ட்’ போன்ற கணினி இதழ்கள் இதழோடு லினக்சுக் குறுந்தகட்டையும் வழங்கின. பதிவிறக்கம் எளிதாக இல்லாததே இதற்குக் காரணம். நொடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பு தடையின்றிக் கிடைத்தாலும், 700 மெகாபைட் படிமம் ஒன்றை இறக்க ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். 2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை வகுத்த குறைந்தபட்ச வேகமான 256 கிலோபிட்டில்கூட ஆறு மணி நேரம் தேவைப்படும்.

எனவே ஒருவர் இறக்கிய படிமத்தைப் பலர் படியெடுத்துக் கொண்டனர். கட்டற்ற மென்பொருளின் உரிமம் இதனை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. சென்னை லினக்சுப் பயனர் குழு போன்ற அமைப்புகளின் சந்திப்புகள் இப்பகிர்வுக்கு இடமளித்தன. உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனம் 2011 வரை குறுந்தகடுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பி வந்தது.

செயல்முறை

பதிவிறக்கிய படிமம் பழுதற்றதா என்பதை முதலில் சரிபார்ப்புத் தொகை கொண்டு உறுதிசெய்ய வேண்டும். வெளியீட்டாளர் தந்துள்ள எண்ணெழுத்துத் தொடரும், இறக்கிய கோப்பிலிருந்து கணிக்கப்படும் தொடரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அடுத்து, கோப்பை வெறுமனே நகலெடுக்காமல், படிமமாகவே குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ எழுத வேண்டும். நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. பின்னர் பயோஸ் அமைப்பில் தொடக்க வரிசையை மாற்றி, அவ்வட்டிலிருந்து கணினியை இயக்க வேண்டும். பயனரின் கோப்புகள் தனிப் பகிர்வில் இருந்தால், அப்பகிர்வை அழிக்காமல் இயங்குதளத்தை மட்டும் மாற்ற முடியும். எனினும் முன்கூட்டியே காப்புப்படி எடுப்பதே பாதுகாப்பானது.

அரசின் முயற்சிகள்

தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் தன் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சு 2007இல் வெளியானது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் இதன் படிமத்தை எவரும் கட்டணமின்றி இறக்கிக் கொள்ளலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே திருவண்ணாமலை உள்ளிட்ட எல்லா மாவட்ட மாணவர்களுக்கும் மடிக்கணினிகள் கிடைத்தன. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோசு எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் கிடைக்காது என்பதால், மக்களின் ஆவணங்களைக் கையாளும் அலுவலகக் கணினிகளுக்கு இது நேரடி அச்சுறுத்தலாயிற்று. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு பாஸ் லினக்சைப் பயன்படுத்துமாறு தன் துறைகளை அறிவுறுத்தியது.

எழுத்துருச் சிக்கல்

படிமத்தை நிறுவுவதால் மட்டும் மாற்றம் முழுமை பெறுவதில்லை. பழைய அலுவலக ஆவணங்கள் பல, தனித்தனிக் குறியாக்கம் கொண்ட எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். 1999இல் தாம், தாப் குறியாக்கங்களைத் தரமாக ஏற்ற தமிழ்நாடு அரசு, 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் உள்ள ஆவணம் எந்த இயங்குதளத்திலும் படிக்கக் கூடியது. ஆகவே தமிழைப் பொறுத்தவரை, இயங்குதளத்தை மாற்றும் உரிமை குறியாக்கத் தரத்தையும் சார்ந்திருக்கிறது.

இன்றைய நிலை

2025 அக்டோபர் 14 அன்று விண்டோசு 10க்கான பொது ஆதரவு முடிவடைந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. விண்டோசு 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கோருவதால், நன்கு இயங்கும் பழைய கணினிகள் பலவற்றில் அதனை முறைப்படி நிறுவ இயலாது. அத்தகைய கணினிகளுக்கு லினக்சுப் படிமம் ஒன்று மறுவாழ்வு தரக்கூடும். 28 மணி நேரம் தேவைப்பட்ட 700 மெகாபைட் கோப்பு, நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் இன்று ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். காப்புப்படியும் சரிபார்ப்பும் மட்டும் அன்றுபோலவே இன்றும் பயனரின் பொறுப்பாக உள்ளன.