சென்றடைதலும் நிலைத்திருத்தலும்: ஹெலிகாப்டர், வான்கப்பல் வளர்ச்சியில் இந்திய அனுபவம்

போர்க்கால வானூர்திகளின் வரலாற்றை எழுதுவோர் பலரும் பலூனை முதற்படியிலும், வான்கப்பலை அடுத்த படியிலும், ஹெலிகாப்டரை உச்சியிலும் வைக்கிறார்கள். பழையது தோற்றுப் புதியதற்கு வழிவிட்டது என்பது இந்த வரிசையின் உட்பொருள். தமிழகத்திலும் ஈழத்திலும் கிடைக்கும் சான்றுகள் இதற்கு இடம் தரவில்லை. அந்தரத்தில் நிற்பது என்ற ஒரே சிக்கலுக்குக் காணப்பட்ட இரண்டு விடைகள் இவை. ஹெலிகாப்டர் சென்றடையும் கருவி. காற்றினும் லேசான கலம் நிலைத்திருக்கும் கருவி. முதலாவதில் இந்தியா எழுபது ஆண்டுகளாக உழைத்துத் தேர்ச்சி பெற்றிருக்கிறது. இரண்டாவதைக் காலந்தாழ்த்தியே கையில் எடுத்தது. அந்தத் தாமதத்தை விரைந்து ஈடுசெய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேறுபாட்டின் வேர் இயற்பியலில் இருக்கிறது. ஹெலிகாப்டர் ஒவ்வொரு நொடியும் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. எடை கூடினாலும் காற்று மெலிந்தாலும் எஞ்சின் மேலும் திணற வேண்டும்; மூன்று நான்கு மணி நேரத்தில் எரிபொருள் தீர்ந்துவிடும். பலூனுக்கு இந்தச் செலவு இல்லை. கடல் மட்டத்தில் ஒரு கனமீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும். வாயு கசியாதவரை தாங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அதற்குப் பெரும் பருமன் தேவை. பருத்த உடலைக் காற்று எளிதில் அலைக்கழிக்கும்.

ஹீலியத்தின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது, அந்த வாயுவின் தடமான மஞ்சள் கோட்டை நிறமாலையில் கவனித்தவர்களுள் ஒருவர், மசூலிப்பட்டினம் சென்றிருந்த சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன். எனினும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் பிரிட்டனுக்கு ஹீலியம் எட்டாப் பொருளாகவே இருந்தது. இந்தியாவை இணைக்கக் கட்டப்பட்ட ஆர்-101 வான்கப்பல் ஹைட்ரஜனோடுதான் 1930 அக்டோபர் 4 அன்று கராச்சிக்குப் புறப்பட்டது. மறுநாள் அதிகாலை பிரான்சின் போவே நகருக்கு அருகே விழுந்து எரிந்தது. பயணம் செய்த 54 பேரில் 48 பேர் இறந்தனர். வான்படை அமைச்சர் தாம்சன் பிரபுவும் அவர்களுள் ஒருவர். பிரிட்டன் அத்தோடு வான்கப்பல் திட்டத்தையே கைவிட்டது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, ஹெலிகாப்டரின் முதல் போர்க்கள மீட்பு இந்திய மண்ணிலிருந்து தொடங்கியது. 1944 ஏப்ரலில் அஸ்ஸாமின் லாலாகாட்டிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன், பர்மாக் காட்டில் சிக்கிய நால்வரை மீட்டார். அவருடைய சிகோர்ஸ்கி ஒய்ஆர்-4பி ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் சுமக்க முடிந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்தக் காற்றில் எஞ்சின் அளவுமீறிச் சூடேறியது. ஹெலிகாப்டரின் வலிமையும் வரம்பும் அந்த ஒரே நிகழ்வில் தெரிந்துவிட்டன.

இந்திய விமானப்படை 1954-இல் சிகோர்ஸ்கி எஸ்-55 ஹெலிகாப்டரைப் பெற்றது. 1971 டிசம்பரில் எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள் மேக்னா ஆற்றின் குறுக்கே படைகளை இறக்கி டாக்காவுக்கு வழி திறந்தன. 1992 இரண்டு வகையில் முக்கியமான ஆண்டு: மார்ச்சில் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் தொடங்கப்பட்டது; ஆகஸ்டில் எச்.ஏ.எல். உருவாக்கிய துருவ் முதன்முறை பறந்தது. 1999 மே 28 அன்று கார்கில் போரில் ஓர் எம்ஐ-17 சுட்டு வீழ்த்தப்பட்டது. மலையுச்சிப் போருக்கென்றே ஒரு தாக்குதல் ஹெலிகாப்டர் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் போரில் வலுப்பெற்று, 2022 அக்டோபரில் ஜோத்பூரில் படையில் சேர்ந்த பிரசந்த் வரை வந்தது. 2025 மார்ச்சில் மேலும் 156 பிரசந்த் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்தச் சாதனை மெய்யானது. ஆனால் சென்றடைந்த இடத்தில் நிலைத்திருக்க முடியாததன் விலையை யாழ்ப்பாணம் காட்டியது. 1987 அக்டோபர் 11 இரவு இந்திய அமைதிப்படை பல்கலைக்கழக வளாகத்தில் எம்ஐ-8 ஹெலிகாப்டர்களிலிருந்து வீரர்களை இறக்கியது. கடும் துப்பாக்கிச் சூட்டில் ஹெலிகாப்டர்கள் சேதமடைய, அடுத்த நடைகள் நின்றுபோயின. தரையில் தனித்து விடப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். வடபகுதிக் குடிமக்களின் நினைவிலோ அந்த ஆண்டுகளின் ஹெலிகாப்டர் இரைச்சல் பதுங்குகுழியோடு சேர்ந்தே பதிந்திருக்கிறது. இந்தக் கருவியின் வளர்ச்சியைப் பேசுவோர் அந்த நினைவைத் தவிர்த்துவிட்டுப் பேசக் கூடாது.

மலையும் மேகமும் சேர்ந்தால் ஹெலிகாப்டரின் வரம்பு இன்னும் குறுகும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் பறந்த எம்ஐ-17வி5 குன்னூர் அருகே மோதி நொறுங்கியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தனர். திடீரென மேகத்துக்குள் புகுந்ததால் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்று விசாரணை கண்டது.

திருவண்ணாமலைக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. அரக்கோணத் தளம் வான்வழியில் ஏறத்தாழ 115 கிலோமீட்டர்தான். ஹெலிகாப்டருக்கு அரைமணிப் பயணம். ஆனால் ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று, அருணை மலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஏழு பேர் புதையுண்டபோது, அந்த அண்மையால் பயன் விளைந்திருக்காது. மேகம் மூடிய சரிவில் தாழப் பறப்பதே ஆபத்து. சரிவை மழைக்கு முன்பிருந்தே நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் கண்தான் அங்கே தேவைப்பட்டது.

கடலில் இந்தத் தேவை இன்னும் பெரிது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானம் 11 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டர் உயரத்தில் அது 113 ஆகும். 17 கிலோமீட்டர் உயரத்திலோ ஏறத்தாழ 465. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கியபோது குமரி மீனவர்கள் ஆழ்கடலில் சிதறிக் கிடந்தார்கள். கப்பல்களும் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தேடின. ஆனால் ஹெலிகாப்டர் எரிபொருள் தீருமுன் திரும்பியாக வேண்டும். கரையில் காத்திருந்த குடும்பங்கள் இன்னும் தொலைவில் தேடுங்கள் என்று மன்றாடின.

இந்தியாவின் முயற்சி இப்போதுதான் இந்தத் திசையில் திரும்பியிருக்கிறது. ஆக்ராவிலுள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகமான ஏ.டி.ஆர்.டி.இ., கயிற்றில் கட்டிப் பறக்கவிடும் ஆகாஷ்தீப் பலூனை 2010-இல் சோதித்தது. 2025 மே 3 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூரில் அதே ஆய்வகத்தின் அடுக்குமண்டல வான்கப்பல் 17 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு, 62 நிமிடங்கள் பறந்தது.

மறுப்புகளும் வலுவானவை. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்தில் கட்டறுத்துக்கொண்ட ராணுவ ரேடார் பலூன் பென்சில்வேனியா வரை கயிற்றை இழுத்துச் சென்று மின்கம்பிகளை அறுத்தது. புயல் நெருங்கினால் கயிற்றுப் பலூனை இறக்கித்தான் ஆக வேண்டும். ஹீலியத்துக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. பெரும்பாலான மேகங்களுக்கு மேலே நிற்கும் அடுக்குமண்டலக் கலம் புயலுக்கு இறங்க வேண்டிய குறையைக் கடக்கும். ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கை ஒட்டியது என்பதால், அதே எடையைத் தூக்க எட்டு மடங்குக்கும் மேல் பருமன் வேண்டும். வாயு கசியாத மெல்லிய துணி, பகலில் சூரிய ஒளியைச் சேமித்து இரவைக் கடத்தும் மின்கலம் ஆகிய இரண்டிலும் உள்நாட்டு ஆராய்ச்சி வேகம் பெறாமல் 62 நிமிடங்கள் மாதங்களாக மாறா.

ஏ.டி.ஆர்.டி.இ. சோதனைகளின் அடுத்த கட்டத்துக்குத் தமிழகக் கடற்கரை பொருத்தமான களம். ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, பாக் நீரிணையில் ராணுவக் கண்காணிப்பும் மீனவர் பாதுகாப்பும் ஒரே கடல்பரப்பில் சந்திக்கின்றன. அங்கே பறக்கும் கலத்தின் ரேடார் தகவல் கடற்படைக்குப் போகும் அதே நேரத்தில் மாநில மீன்வளத் துறைக்கும் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் போக வேண்டும் என்ற நிபந்தனையைத் திட்ட வரைவிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும்.