பேராதனை மாணவர் கூத்து: பழைய அச்சுத் தாள்கள்

கண்டி நகரை அடுத்த பேராதனையில் இருந்த பல்கலைக்கழகத்தில் 1950களிலும் 60களிலும் மாணவர் ஆடிப் பாடிய நாடகங்களுக்கென அச்சான அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், நுழைவுச்சீட்டு, சுவரொட்டி, சிறப்புமலர் ஆகியன இத்தலைப்பில் அடங்கும். ஓர் இரவுத் தேவைக்கு அச்சிட்டவை என்பதால் இவற்றைப் பத்திரப்படுத்தியோர் குறைவு.

பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள ‘நாடகம’ மரபைத் தழுவி மாணவரைக் கொண்டு உருவாக்கிய ‘மனமே’ 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. 1961இல் ‘சிங்கபாகு’ வந்தது. நாடகமவுக்கு வேராக அமைந்ததே தமிழ்க் கூத்து. அந்தக் கூத்தைத் தமிழ் மாணவரிடம் கொண்டுவந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1962இல் ‘கர்ணன் போர்’ அரங்கேறியது. பழக்கியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியன வந்தன. ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகவும் கூத்தாய்வாளராகவும் புகழ் பெற்றார்.

இத்தாள்களின் மதிப்பு இங்கேதான் தொடங்குகிறது. வட்டக்களரியில் விடியவிடிய ஆடிய கூத்து, படச்சட்ட மேடையில் இரண்டு மணி நேர அளவுக்குச் சுருங்கியது. எந்தப் பாத்திரத்தின் வரவு நிலைத்தது, எது கழிந்தது என்பதை நிகழ்ச்சி நிரலில் உள்ள காட்சி வரிசை காட்டும். மத்தளம் அடித்தவர், சல்லரி பிடித்தவர், பிற்பாட்டுப் பாடியவர் ஆகியோரின் பெயர்களை ஆய்வு நூல்கள் பெரும்பாலும் தருவதில்லை. தேடவேண்டிய இடம் நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கம். ‘இராவணேசன்’ அரங்கேறிய ஆண்டைச் சிலர் 1964 என்பர், சிலர் 1965 என்பர். இத்தகைய பிணக்கைத் தீர்க்க ஒரு நுழைவுச்சீட்டே போதும்.

ஆண்டு அச்சிடாத தாள்களும் உண்டு. அவற்றுக்கு நிறுவனப் பெயரே சான்று. ‘பேராதனை வளாகம்’ என்றிருந்தால் அது இலங்கைப் பல்கலைக்கழகங்கள் ஒரே அமைப்பின்கீழ் இருந்த 1972 முதல் 1978 வரையான காலத்தது; இத்தலைப்புக்குப் பிந்தியது. ‘பேராதனைப் பல்கலைக்கழகம்’ என்ற தனிப்பெயர் 1979இல் சட்டப்படி வந்தது. ணை, லை போன்றவற்றின் பழைய கொம்பு வடிவமும், ஈய எழுத்து தாளில் அழுத்திய தடமும் காலத்தைக் கணிக்க உதவும். ஆனால் பழைய எழுத்தை நெடுநாள் கைவிடாத அச்சகங்கள் இருந்ததால், எழுத்து வடிவத்தை மட்டும் நம்பி ஆண்டைக் குறிப்பது சரியன்று.

மலிவுத் தாளின் அமிலம், கண்டியின் ஈரக்காற்று, துருப்பிடித்த கம்பி, வெள்ளிப்பூச்சி ஆகியவை இவற்றின் எதிரிகள். ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் லமினேற் செய்வதும் அவற்றைவிடக் கேடானவை. கம்பியை மெல்ல நீக்கி, அமிலமற்ற உறையில் தட்டையாக வைப்பதே சரியான முறை.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ மலர்கள் சில, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகத்தில் கிடைக்கின்றன. தனித்தாள்களுக்கும் அங்கே இடம் வேண்டும். அக்கால மாணவர்களின் வீடுகளில் இவை இருக்குமாயின், மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு ஸ்கான் பிரதியையாவது ஆவணகத்துக்கு அளிக்க வேண்டும்.