வேலையின்மை ஒழிந்த தேசத்தில் வேலை தேடியவர்கள்

1930 மார்ச்சில் மாஸ்கோவின் வேலைவாய்ப்பு அலுவலகம் தன் கடைசிச் சீட்டை ஒரு ஃபிட்டருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியது. அக்டோபரில் உதவித்தொகையும் நின்றது. ஸோவியத் யூனியனில் வேலையின்மை ஒழிந்துவிட்டது. ஒழிந்த ஒன்றுக்குப் புள்ளிவிவரம் எதற்கு? வேலை தேடுகிறவன் மட்டும் ஒழியவில்லை. ஆலை வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்தான். உள்ளேயிருக்கும் சிநேகிதனை விசாரித்தான். வேலையமர்த்தும் பியூரோக்கள் மறுபடி தலைகாட்டியது அறுபதுகளின் இறுதியில்தான்.

இதற்கிடையில் வேலையற்றிருப்பது குற்றமுமாயிற்று. 1964இல் லெனின்கிராடில் ஜோஸஃப் ப்ராட்ஸ்கியைச் சமூக ஒட்டுண்ணி என்று ஐந்து வருஷம் வடக்கே அனுப்பினார்கள். இதைக் கவிஞனின் சுதந்திரம் பற்றிய விஷயமாகவே நாம் பேசி வருகிறோம். எனக்கு அது வேலைச் சந்தையின் சரித்திர ஆவணமாகவும் படுகிறது. அவர் பார்த்த பற்பல வேலைகளையும், அவற்றுக்கு நடுவிலிருந்த இடைவெளிகளையும் அல்லவா கோர்ட் எண்ணிக்கொண்டிருந்தது!

1991 ஏப்ரலில் ருஷ்யாவின் புதிய சட்டம் வேலையற்றவன் என்ற ஜீவனை அங்கீகரித்தது. ஜூலையில் பதிவு தொடங்கியது. ஆனால் ஜனங்கள் அந்த வாசலுக்கு அதிகம் போகவில்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் அளவுகோல்படி 1998இல் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் வேலையில்லாதிருந்தார்கள்; பதிவேட்டில் இருந்தவர்கள் 3 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் தெரிந்தவர்கள் மூலம் தேடினார்கள். தெரிந்தவர் சொல்லி எடுத்த ஆளுக்குச் சொன்னவரே பிணை. (வங்கியில் கணக்குத் தொடங்க முன்பு ஏற்கெனவே கணக்குள்ள ஒருவரின் அறிமுகக் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தின் கனம் என் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.)

சம்பளம் மாதக்கணக்கில் வராத ஆலைகளை விட்டு ஏன் பலர் போகவில்லை என்பது அடுத்த கேள்வி. பழைய மனோபாவம் என்று சொல்லி இதைத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் ஆலையோடு சேர்ந்தவை. தெரிந்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். வேலையை விட்டவன் அடுத்த வேலையைப் பற்றிக் காதில் விழக்கூடிய இடத்தையும் விட்டான். ஆக, சம்பளமில்லாத அந்த வேலை, வேலை தேடுவதற்கான இடமாகவும் இருந்தது.

குஸ்-க்ருஸ்தால்னி என்ற ஊரில் கண்ணாடி ஆலைக்காரர்களுக்குக் கூலிக்குப் பதில் பளிங்குக் கண்ணாடிச் சாமான்களைக் கொடுத்தார்கள். ரயில் நிற்கும்போது அவற்றை ஜன்னலுக்கு நேரே தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் புள்ளிவிவரம் வேலையிலிருப்பவர்களாகவே எண்ணிக்கொண்டது.