இட்லி மாவு பாக்கெட் ஏன் உப்புது? வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

'நைட்டுக்கு என்ன டிபன்?' என்ற கேள்விக்கு இன்று பல வீடுகளில் பதில், தெருமுனைக் கடை ஃப்ரிட்ஜில் இருக்கும் ஒரு கிலோ மாவு பாக்கெட்தான். நூடுல்ஸைப் பார்த்தால் 'ரெடிமேட் சாப்பாடு' என்று திட்டுபவர்கள்கூட இதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் இதுவும் அவசரத்துக்கு வாங்கும் ரெடிமேட் உணவுதான். ஒரே வித்தியாசம், பாக்கெட்டுக்குள்ளேயும் மாவு புளித்துக்கொண்டே இருக்கும். சிக்கலே அங்கதான்.

எப்படி வந்தது?

வீட்டில் மாவு தயாராக ஒரு நாள் ஆகும். அரிசி, உளுந்து நாலு மணி நேரம் ஊறணும், அரைக்கணும், கிரைண்டரைக் கழுவணும் (இதுதான் பெரிய வேலை), அப்புறம் 8 முதல் 12 மணி நேரம் புளிக்கணும். கோவையில் உருவான வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லை ஓரம் கட்டியது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. கைவலி குறைந்தது உண்மைதான், ஆனா வேலை மட்டும் அதே ஆள் தலையில், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் இருந்தது. பாக்கெட் மாவு அந்த வேலையைத்தான் வீட்டைவிட்டு வெளியே எடுத்தது.

அதே கிரைண்டரை வைத்து அக்கம்பக்கத்துக்கு மாவு அரைத்து விற்று வருமானம் பார்த்த பெண்களும் நிறைய. பெங்களூருவில் 2005-ல் சிறிய அளவில் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் இன்று பெரிய நிறுவனம். ஜிஎஸ்டி கவுன்சில்கூட 2017 நவம்பரில் இட்லி, தோசை மாவுக்கான வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது.

ஏன் உப்புது?

உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் பாக்டீரியாக்கள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் உண்டாக்கும். இட்லி பஞ்சு மாதிரி வருவது இந்த வாயுவால்தான். ஃப்ரிட்ஜ் இதை மெதுவாக்கும், நிறுத்தாது. கடைக்காரர் ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டாலோ, வண்டியில் வெயிலில் கிடந்தாலோ வேகம் கூடி பாக்கெட் பலூன் மாதிரி ஆகிடும்.

உப்பிய பாக்கெட் எல்லாமே கெட்டதில்லை. லேசாக உப்பியிருந்தால் தோசைக்குப் போதும். ஆனால் குளிர்ச்சி விட்டுப்போயிருக்கு என்பதற்கு அது அடையாளம். கெட்ட வாடை, இளஞ்சிவப்பு அல்லது கறுப்புப் புள்ளி, பூஞ்சை இருந்தால் முழுசாகக் கொட்டிடுங்க. மேலாக வழித்துப் போட்டால் போதாது. 'வேகவைத்தா எல்லாம் செத்துடும்' என்பதும் பாதி உண்மைதான். கிருமி செத்தாலும், சில பூஞ்சைகள் விட்டுப்போன நச்சு இட்லிப் பானைச் சூட்டில் அழியாது.

வாங்கும்போது...

தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மூன்றும் இருக்கணும். தேதியே இல்லாத பிளாஸ்டிக் கவர் மாவு என்றால், எப்போ அரைச்சதுன்னு கேட்டுடுங்க. பாக்கெட் தொட்டால் ஜில்லென்று இருக்கணும்.

இட்லி மஞ்சளாகி, சோப்பு மாதிரி ஒரு ருசி வந்தால், புளிக்காத மாவில் ஆப்ப சோடா அதிகம் சேர்த்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல், பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

மிச்ச மாவை எடுத்த உடனே மூடி ஃப்ரிட்ஜில் வைங்க. மூடி இறுக்கமான பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பாதீங்க, அதுவும் காலையில் பொங்கி நிற்கும்.