பச்சை குத்துதல் - அன்றும் இன்றும்

மாங்காடு உள்ளிட்ட வடதமிழக ஊர்களில் வயதான பெண்களின் முன்கையில் பச்சை குத்திய கோலத்தை இன்றும் காணலாம். அக்காலத்தில் குறத்தியர் ஊர் ஊராகச் சென்று இதைக் குத்தினர்.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் இம்முறையைப் பதிவு செய்துள்ளார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் அரைத்து, துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். மூன்று நான்கு தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். கரி கறுப்புதான், தோலுக்கு அடியில் இருப்பதால் நீலப்பச்சையாகத் தெரிகிறது.

1891-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி மின்சார இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஒற்றை ஊசியால் மயிரிழை போன்ற கோடும் போடுகிறார்கள். ஆனால் தோல் மாறவில்லை. தோலின் உள்ளடுக்கில் உள்ள செல்களே மையைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவை இறந்தால் புதிய செல்கள் அதே மையை விழுங்கிக் கொள்கின்றன என்று 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் கண்டறிந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்லக் கோடு சற்றுப் பரவித் தடிக்கும். நெருக்கமான கோடுகள் ஒன்றாகிவிடும். சின்ன எழுத்துகளின் சுழிகள் அடைந்துவிடும்.

புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே இடம் விட்ட பழைய கோலமோ, தடித்த பின்பும் கோலமாகவே தெரிகிறது. எனவே மெல்லிய டாட்டூவைத் தேர்ந்தெடுப்பவர்கள் கோடு எவ்வளவு மெல்லியது என்பதோடு, கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் பார்க்க வேண்டும்.