ரன் பிளிட்ஸ்: ஓடுறவரை தொடங்குற இடத்துலயே மடக்குவது எப்படி?

அமெரிக்க ஃபுட்பாலில் 10 யார்டு முன்னேற ஒரு அணிக்கு 4 வாய்ப்புதான். பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் ஒவ்வொரு முறையும் 4 யார்டு எடுத்தாலே போதும், அந்த அணியை நிறுத்த முடியாது.

அதற்குத்தான் 'ரன் பிளிட்ஸ்'. வழக்கமாகப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரோ சேஃப்டியோ, பந்து நகர்ந்ததுமே எதிரணி வரிசையின் இடைவெளிக்குள் பாய்ந்துவிடுவார். ஓட நினைத்த வழியே அடைபட்டுவிடும்.

ஓட்டத்தை முடக்கியதில் பிரபலமானது சிகாகோ பேர்ஸ் அணி. தற்காப்புப் பயிற்சியாளர் பட்டி ரயன் வகுத்த '46 டிஃபென்ஸ்', 8 பேரை முன்னால் குவிக்கும். 1986 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து ஓடி எடுத்தது மொத்தமே 7 யார்டு! சிகாகோ 46-10 என வென்றது.

ஆனா, ரிஸ்க்கும் இருக்கு. பாய்ந்தவர்களைத் தாண்டி ஓடுபவர் தப்பிவிட்டால், பின்னால் தடுக்க ஆள் குறைவு. 6 புள்ளி தரும் டச் டவுன் வரைக்கும் ஓடிடலாம்!